அசட்டுப் பட்டம்

என் தங்கையிடம் இருந்தவற்றில் நான் மனதார ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அவளுடைய சுருட்டை முடி மேல் எனக்குக் கொஞ்சம் கண் இருந்தது உண்மை. ஆனால் முடியெல்லாம் அவரவர் தலையெழுத்து என்று அதை விட்டுவிட்டேன். விட முடியாமல் போனது, அம்மா அவளைக் கூப்பிட்ட சொல். அம்மா அவளை 'அசடு' என்று கூப்பிடுவாள்.

பொம்மைக்குப் பொறாமைப்படுகிற பிள்ளைகள் உண்டு, புதுப் பாவாடைக்குப் பொறாமைப்படுகிற பிள்ளைகள் உண்டு. முட்டாள் பட்டத்துக்குப் பொறாமைப்பட்டவள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுக்கத் தேடினாலும் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

அப்போது நாங்கள் ரயில்வே வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அப்பாவுக்கு யார்டில் வேலை. எந்த வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ, அதற்குத் தக்கபடி நெம்புகோலை இழுத்துப் பாதையை மாற்றிவிட வேண்டும். பலகைச் சுவர் வைத்த வீடு. பக்கத்து வீட்டில் யாராவது தும்மினால் எங்கள் வீட்டிலிருந்து அம்மா 'நூறு வயசு' என்பாள், அவர்களும் அங்கிருந்தே நன்றி சொல்லாமல் இன்னொரு தும்மல் போடுவார்கள். எனக்குப் பத்து வயது. தங்கைக்கு ஏழு.

தங்கை செய்யாத அசட்டுத்தனம் கிடையாது. யார்டில் எஞ்சின் கரும்புகை விட்டால், மேகம் கூடிவிட்டது என்று ஓடிப்போய்க் காய்கிற துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு வருவாள். ரயிலுக்கு இரவில் கண் தெரியுமா என்று அப்பாவைக் கேட்பாள். ஒரு நாள் சீனர் கடைக்கு உப்பு வாங்க அனுப்பினார்கள். திரும்பும்போது நல்ல மழை. இவள் என்ன செய்தாள் தெரியுமா, தலை நனையாமல் இருக்க உப்புப் பொட்டலத்தையே தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் வந்து நின்றபோது கையில் ஈரக் காகிதம்தான் இருந்தது. உப்பெல்லாம் கரைந்து முகத்தில் வழிந்து, நாக்கை நீட்டி அதை நக்கிக்கொண்டு நின்றாள்.

அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, நிற்க முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளை இழுத்து மடியில் போட்டு, முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டே, "அடி அசடே! என் அசட்டுக் கண்ணே! உப்பக் கொண்டா குடை பிடிப்பாங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தாள். நான் கையில் விளக்குமாற்றோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் தண்ணீர் சொட்டியதைக் கூட்டித் தள்ள என்னைத்தானே கூப்பிடுவார்கள்.

அந்த வயதிலேயே திட்டுச் சொற்களில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. யார்டு வேலியை ஒட்டிக் குடியிருந்தால் அது தானாக வந்துவிடும். அப்பாவிடம் வேலை பழக வந்த ஆட்களை மேலதிகாரி 'முட்டாள்' என்பார். அது வெளியே நின்று கல்லெறிகிற மாதிரி. தபால் வண்டிக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் சந்தில் முட்டிக்கொண்டால் முட்டாள் என்பதையே மலாயில் 'போடோ' என்று சொல்லி ஒருவரை ஒருவர் வைதுகொள்வார்கள். அதற்கு அடுத்தது கைதான். பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு 'மக்கு' என்ற சொல்தான் வசதி. அதைச் சொல்லும்போது அவர் ஆளைப் பார்க்கக்கூட மாட்டார். இவற்றில் எதைக் கேட்டாலும் கேட்டவருக்கு முகம் சுருங்கும். அசடு மட்டும் வேறு ஜாதி. அதைச் சொல்ல வேண்டுமென்றால் சொல்கிறவர் கிட்டே வர வேண்டும். சொல்லும்போது கை எங்கேயாவது படும், தலையிலோ கன்னத்திலோ. என் அம்மா அதைத் தொடாமல் சொல்லி நான் பார்த்ததே இல்லை.

அப்பாவுக்கும் அதில் பங்கு இருந்தது. ஒரு தடவை புதுக்குடையை யாரோ முன்பின் தெரியாத ஆளுக்குக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு வந்து நின்றார். "பாவம், கைப்பிள்ளையோட நின்னாங்க" என்று சொல்லி ஒரு சிரிப்பு. "சிரிக்காதீங்க, அசடு வழியுது" என்று அம்மா அவர் கையில் துண்டைக் கொடுத்தாள். ஆக வீட்டில் அம்மாவை நீக்கினால் மூன்று பேர். அதில் இரண்டு பேர் அசடு. அந்த இரண்டு பேர் மேலும் அம்மாவுக்கு உயிர். மிச்சம் இருந்தது நான்.

நான் சமத்து. தங்கை பிறந்த அன்றைக்கே எனக்கு அந்தப் பெயர் வந்துவிட்டதாம். சமத்து என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சொல் என்றைக்கும் தனியாக வந்ததில்லை, பின்னாலேயே ஒரு வேலையைக் கூட்டிக்கொண்டுதான் வரும். 'சமத்துல்ல, ரெண்டு குடம் தண்ணி எடுத்துட்டு வா.' 'சமத்துல்ல, அதத் தங்கச்சிக்குக் குடுத்துடு.' 'சமத்துல்ல, நீ அழலாமா?' சமத்துக்கு அழக்கூட அனுமதி கிடையாது.

சரி, நாமும் அசடாகிவிடுவோம் என்று ஒரு நாள் முடிவு செய்தேன். எஞ்சின் புகை விட்டது. தங்கைக்கு முன்னால் நான் ஓடிப்போய்க் கொடியிலிருந்த துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து அம்மா முன்னால் போட்டு, "மழை வருதும்மா" என்றேன். கொஞ்சம் வாயைப் பிளந்தும் வைத்துக்கொண்டேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பத்து வயசாகுது. கண்ணு எங்க போச்சு? போய்த் திரும்பக் காயப்போடு" என்றாள். அவ்வளவுதான். அதே புகை, அதே துணி, அதே கொடி. தங்கை செய்தால் மடி, நான் செய்தால் மறுபடியும் கொடி. இன்னொரு நாள் சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு அம்மாவின் முன்னும் பின்னும் நடந்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, நிமிராமல், "சட்டையச் சரியாப் போடு" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று தங்கையின் பின்னலை ஒரு இழு இழுத்தேன். அவள் அழுதாள். அதற்கும் அவளுக்குத்தான் மடி கிடைத்தது.

அப்படி இருந்தபோதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிள்ளானிலிருந்து அத்தை வந்தாள்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். தாய் இல்லாத அப்பாவை ஊரில் தூக்கி வளர்த்து, கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தவளும் அவள்தான். அதனால் அவள் முன்னால் அப்பா நாற்காலியில் உட்கார மாட்டார். கிள்ளானில் அத்தைக்கும் மாமாவுக்கும் மளிகைக் கடை, கடைக்கு மேலே மாடி வீடு, மாடியில் காலால் மிதிக்கிற தையல் மிஷின். பிள்ளை மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. கூடப்பிறந்தவர் வீட்டில் இரண்டு மூன்று இருந்தால், ஒன்றை வளர்க்கக் கொடுப்பார்கள். எழுத்து கிடையாது, சடங்கு கிடையாது. கேட்பவர் மூத்தவராக இருந்தால் மறுக்கிறதும் கிடையாது.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு அத்தை நாற்காலியில் சாய்ந்தாள். அப்பா கீழே உட்கார்ந்திருந்தார். அம்மா கதவை ஒட்டி நின்றாள். நானும் தங்கையும் அத்தை கொண்டுவந்த பிஸ்கட் டின்னுக்குக் காவல்.

"தம்பி, ரப்பர் விலை இப்படிப் படுத்துக் கெடக்கு. தோட்டத்துல ஆளுங்கள எல்லாம் கப்பலேத்தி ஊருக்கு அனுப்புறாங்க. உங்க ரயில்வேயில என்ன சொல்றாங்க?"

"ஆள் கொறைப்பாங்கன்னு பேச்சு இருக்குக்கா."

"அதான் சொல்றேன். ரெண்டுல ஒண்ண எங்கிட்ட விடு. நான் வளக்குறேன். எனக்கும் வீட்ல ஒரு சத்தம் வேணும்."

அப்பா தரையைப் பார்த்தார். ஒன்று என்றால் எது? தங்கைதான், வேறு யார்? யார் வந்தாலும் முதலில் அவள் கன்னத்தைத்தான் கிள்ளுவார்கள். மாடி வீடும் தையல் மிஷினும் அவளுக்கு. விளக்குமாறும் தண்ணீர்க் குடமும் எனக்கு. அவள் பிஸ்கட்டை வாய் முழுக்க அடைத்துக்கொண்டு ஒன்றும் விளங்காமல் அத்தையைப் பார்த்துச் சிரித்தாள். அசட்டுச் சிரிப்பு. அந்த வாயில் ஒன்று வைக்கலாமா என்று இருந்தது எனக்கு.

ஆனால் அத்தை தங்கையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "சின்னது வேணாம். அதுக்கு மூக்குத் தொடச்சிக்கிட்டு என்னால கடையப் பாக்க முடியாது. பெரியவள விடு. கெட்டிக்காரியா இருக்காப்ல தெரியுது."

என் முதுகு தானாக நிமிர்ந்தது. பிறந்ததிலிருந்து தங்கையைத் தாண்டி ஒரு கண் என் மேல் விழுந்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தை முழுசாக விழுங்குவதற்குள் அம்மா வாயைத் திறந்தாள்.

"யாரு, இவளா? ஐயோ அண்ணி, இவ சரியான அசடு. ஒண்ணும் தெரியாது."

எத்தனை நாள் காத்திருந்த சொல்! கேட்டதும் ஒரு நொடி உள்ளே குளிர்ந்தது, பொய் சொல்லவில்லை. அடுத்த நொடி அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. சிரிக்கவில்லை. தொடவும் இல்லை. கதவுப் பக்கத்திலேயே நின்று, அத்தையைப் பார்த்து, விலைக்கு வந்த மாட்டைக் குறை சொல்கிற மாதிரி அதைச் சொன்னாள். எங்கள் வீட்டில் எப்போதும் என்னுடைய பழைய பாவாடைதான் தங்கைக்குப் போகும். அன்றைக்கு முதல் தடவையாகத் தங்கையின் பழசு எனக்கு வந்தது. அதுவும் கசக்கிப் பிழிந்து.

"பாத்தா அப்படித் தெரியலையே" என்றாள் அத்தை. "காப்பி போடுவாளா?"

"போடுவா. வாயில வைக்க முடியாது."

பொய். அப்பாவுக்கு விடிகாலை ஷிஃப்டுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பதே நான்தான். ஏன் இந்தப் பொய் என்று ஒரு கணம் திகைத்தேன். அப்புறம் எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தேன். அம்மாவுக்கு மாடி வீட்டுக்குப் போக வேண்டியது தங்கை. நான் போய்விட்டால் இங்கே தண்ணீர் யார் எடுப்பார்கள்? அதனால் என்னை மட்டம் தட்டி, அந்தச் செல்லத்தை அத்தை தலையில் கட்டப் பார்க்கிறாள். சமத்தை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்வது, அசட்டை மகாராணியாக அனுப்புவது. என்ன கணக்கு!

"நானே போட்டுக் கொண்டாரேன் அத்தை" என்று சொல்லிவிட்டு, யாருடைய பதிலுக்கும் நிற்காமல் அடுக்களைக்குப் போனேன்.

அடுப்பை ஊதி, தண்ணீர் கொதிக்க வைத்து, துணிப்பையில் தூளைப் போட்டு நிதானமாக இறக்கினேன். டின் பாலைச் சிந்தாமல் ஊற்றினேன். நல்ல மணம். தட்டு எடுக்கத் திரும்பினேன். எடுத்துக்கொண்டு மறுபடி திரும்பியபோது அம்மா என் பின்னால் நின்றிருந்தாள். அவள் கை உப்புச் சாடியிலிருந்து வந்து தம்ளருக்கு மேலே இருந்தது. கல் உப்பு. ஒரு பிடி என்றால் நல்ல ஒரு பிடி. எல்லாம் உள்ளே விழுந்து முடிந்திருந்தது.

நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை வெற்றிலைச் சாறு துப்புகிற சத்தம் கேட்டது. அம்மா மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"இத அப்படியே கொண்டு போய்க் குடு. சொன்னாக் கேளு. சமத்துல்ல."

அந்தச் சமத்துக்குப் பின்னாலும் ஒரு வேலை வந்துவிட்டது, பாருங்கள். எத்தனையோ சமத்துகளுக்கு எத்தனையோ குடம் தூக்கியிருக்கிறேன். அந்த ஒரு வேலையை மட்டும் நான் செய்யவில்லை. தம்ளரை எடுத்து, அம்மா பார்க்கப் பார்க்கச் சாக்கடையில் கவிழ்த்தேன். தம்ளரை அலம்பி, மறுபடியும் தண்ணீர் வைத்தேன். அம்மா என்னைத் தடுத்திருக்கலாம். கையைப் பிடித்திருக்கலாம், ஒரு அறை விட்டிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. அடுப்புப் பக்கத்தில் சும்மா நின்றாள். நான் இரண்டாவது தம்ளரை இடது கையால் மூடி மறைத்தபடி வெளியே எடுத்துப் போனேன்.

அத்தை ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். "இதையா வாயில வைக்க முடியாதுங்குற?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"காப்பி என்னவோ இன்னைக்கு அமைஞ்சிருச்சு அண்ணி." அம்மா கதவருகே வந்து நின்றிருந்தாள். அவள் குரலில் ஒரு அவசரம் இருந்தது. "ஆனா, எப்படிச் சொல்றது, இவ இன்னும் படுக்கையில போயிடுவா. இடி இடிச்சாக் கத்துவா. உங்க வீட்ல நல்ல மெத்தை எல்லாம் கெடக்கும்..."

"அது நான் இல்ல!" என்று கத்தினேன். "அது இவ! படுக்கையில போறதும் இவதான், இடிக்குப் பயப்படுறதும் இவதான். பாய நான்தான் தெனமும் அலசிப் போடுறேன். அம்மா பொய் சொல்லுது அத்தை!"

தங்கை பிஸ்கட்டை நிறுத்திவிட்டு அழ ஆரம்பித்தாள். அவளுடைய ரகசியத்தை நான் பெரியவர்கள் முன்னால் போட்டு உடைத்தது மட்டும் அவளுக்கு விளங்கிவிட்டது. அப்பா "ஏய்" என்று அதட்டினார். அத்தைக்கு மட்டும் என்னைப் பிடித்துப்போயிற்று. நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தாள்.

"இங்க வா. ஒரு கட்டிக்கு எத்தனை தாயில்?"

கட்டியும் தாயிலும் கடைகளில் நிறுக்கிற எடை. சீனர் கடையில் தராசுக்கு முன்னால் நின்று நின்று எனக்கு அது மனப்பாடம்.

"பதினாறு."

"ரெண்டே கால் கட்டிக்கு?"

"முப்பத்தாறு. நூறு கட்டி ஒரு பிக்குல். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் அத்தை, பின்னல் நானே போட்டுக்குவேன், இவளுக்கும் நான்தான் போடுறேன், மீன் கழுவுவேன், ஊசியில நூல் கோப்பேன்..." கேட்காததை எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அம்மாவைப் பார்த்தேன். பார், நானா அசடு என்று ஒவ்வொன்றாக எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அம்மா முதலில் என்னைப் பார்த்து இலேசாகத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்கிற மாதிரி. அப்புறம் அதையும் நிறுத்திவிட்டாள்.

"இவளே போதும்" என்றாள் அத்தை. "என்ன தம்பி?"

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். அம்மா குனிந்து அத்தை குடித்து வைத்த தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். "நீ சொன்னாச் சரிதான்க்கா" என்றார் அப்பா. அடுக்களையில் தம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டது. ஒரு தம்ளருக்கு அவ்வளவு நேரமா என்று நினைத்தேன்.

அன்று மாலை வண்டிக்கே கிளம்பினோம். என் பாவாடை சட்டைகளை அம்மா ஒரு துணியில் வைத்துக் கட்டினாள். தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள். நானே பின்னிக்கொள்வேன் என்று அத்தையிடம் பீற்றிக்கொண்டிருந்ததால், "எனக்குத் தெரியும், விடு" என்று தலையை இழுத்தேன். அம்மா விடவில்லை. பின்னி முடித்தாள், சரியில்லை என்று அவிழ்த்தாள், மறுபடியும் பின்னினாள். அத்தை வாசலிலிருந்து நேரமாகிறது என்று சத்தம் போட்ட பிறகுதான் ரிப்பனைக் கட்டினாள்.

ஸ்டேஷனுக்கு எல்லோரும் வந்தார்கள். ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன். தங்கை பிளாட்பாரத்தில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அக்கா, மிஷின்ல எனக்கு ஒரு கவுன் தைச்சுக் குடு" என்றாள். பார்க்கலாம் என்பது போல் முகத்தை வைத்துக்கொண்டேன். மாடி வீட்டுக்காரியின் முகம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பு. அப்பா அத்தையிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஜன்னல் கம்பி மேல் இருந்த என் கையைத் தொட்டாள். வண்டி விசில் கொடுத்தது. கடைசியாகவாவது அந்தச் சொல்லைச் சரியானபடி சொல்வாளா என்று பார்த்தேன். எங்கே சொன்னாள்! "சமத்தா இரு" என்றாள். சரிதான், போகும்போதும் ஒரு வேலை, என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கிள்ளானில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அத்தை கடுமையானவள்தான், ஆனால் கெட்டவள் அல்ல. தையல் மிஷினைத் தொட விட்டாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். தோட்டத்து ஆட்கள் அரிசி பருப்பு வாங்க வரும் நாட்களில் நான் தராசுக்குப் பக்கத்தில் நின்று, மாமா நிறுக்கிறதற்கு முன்பே எடையைச் சொல்வேன். வருகிறவர்களிடம் எல்லாம், "எங்க பொண்ணு, சமத்து" என்பாள் அத்தை. அங்கே அசடு என்ற சொல்லே புழக்கத்தில் கிடையாது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்றுதான் சொல்லிக்கொண்டேன். இரவில் பாயில் புரளும்போது மட்டும், பிரிக்பீல்ட்ஸில் இந்நேரம் யார் மடியில் யார் தலை இருக்கும் என்று யோசிப்பேன். யோசித்து வயிறு எரிந்து, அப்படியே தூங்கிப்போவேன்.

தீபாவளிக்கு அத்தை என்னைப் பிரிக்பீல்ட்ஸுக்கு அனுப்பினாள். புதுச் சட்டை, காலில் செருப்பு, கையில் பலகாரத் தூக்கு. அம்மா வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, தூக்கை வாங்கி, "இளைச்சுப் போயிட்டே" என்றாள். நான் நன்றாக உப்பிப் போயிருந்தேன். எதைச் சொன்னாலும் குறை சொல்வதே இவளுக்கு வழக்கம் என்று செருப்பைக் கழற்றினேன்.

நான் போன பிறகு வீடு கொஞ்சம் மாறியிருந்தது. குடத்தோடு தங்கை குழாயடியிலிருந்து வந்தாள். பின்னலை அவளே போட்டுக்கொண்டிருந்தாள், கோணல்மாணலாக. சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா ரசம் எடுக்க உள்ளே போனாள். அந்த இடைவெளியில் தங்கை என் பக்கம் நகர்ந்து, குற்றம் சாட்டுகிற குரலில் சொன்னாள்:

"நீ போனதுலேருந்து அம்மா என்னை அசடுன்னு கூப்பிடுறதே இல்ல, தெரியுமா? 'சமத்துல்ல, தண்ணி எடு', 'சமத்துல்ல, பாத்திரம் தேய்'ங்குது. உன்னைத்தான் தெனமும் சொல்லுது."

"என்னை என்னன்னு?"

"அசடுன்னு. சோறு போடுறப்பல்லாம். 'அந்த அசடு சாப்பிட்டுச்சோ என்னமோ'ன்னு. உன் தட்டையும் சேர்த்து எடுத்து வைக்குது. அப்புறம் திரும்பக் கவுத்து வைக்குது."

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்தது எனக்கு நன்றாகப் பழக்கமான சாமான். நான் வருஷக்கணக்காக வைத்திருந்தது. ஆனால் நம் முதுகுக்குப் பின்னால் நம்மைத் தினமும் முட்டாள் என்று சொல்வதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. கோபம்தான் வந்தது. ஆள் இல்லாதபோதுகூட விடமாட்டாளா? கிள்ளானில் கடையே என்னை நம்பித்தான் ஓடுகிறது, இங்கே இன்னும் அசட்டுப் பட்டம்.

அடுக்களையில் இருந்த அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்திச் சொன்னேன். "அத்தை வீட்ல தெனமும் ரெண்டு கறி. வயிறு நெறையச் சாப்பிடுறேன். நான் ஒண்ணும் அசடு இல்ல."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா வந்தாள். அவள் கையில் ரசம் இல்லை, சோற்றுப் பானைதான் இருந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நிரம்பியிருந்த என் தட்டில் போட இன்னொரு அகப்பை சோறு அள்ளினாள். அவளுடைய இன்னொரு கை என் தலை மேல் வந்து இருந்தது.

நான் தலையை நகர்த்திக்கொண்டேன். தட்டின் மேல் கையை விரித்து மூடி, பசிக்கவில்லை என்றேன்.